எம்.பி.க்கு நான் டிரைவராக இருந்த வருடம்

கலிஃபோர்னியாவில் டப்ளின் என்ற ஊரில் குடியிருந்தபோது ஒரு பாகிஸ்தான் எம்.பி.க்கு நான் கார் ஓட்டினேன். சம்பளம் கிடையாது. வாங்கினால் என்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். கணவரின் வேலை விசாவில் ஒட்டிக்கொண்டு வந்த மனைவி அந்த நாட்டில் சமைக்கலாம், துவைக்கலாம், பிள்ளை பெறலாம். வேலைக்கு மட்டும் போகக்கூடாது. தொண்ணூறுகளின் நடுவில் என்னைப் போல எத்தனையோ பெண்கள் பட்டத்தைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டுப் பருப்பு வேக வைத்துக்கொண்டிருந்தோம். என்னிடம் ஒரு எம்.எஸ்ஸி. இருந்தது, நான்கு வயது மகள் இருந்தாள், கதவு சரியாகச் சாத்தாத ஒரு பழைய கார் இருந்தது. பகல் முழுக்க நேரம் இருந்தது.

முன்னாள் எம்.பி. என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த ‘முன்னாள்’ அவருக்குப் பிடிக்காது. “சபையைத்தானே கலைச்சாங்க, என்னையா கலைச்சாங்க?” என்பார். இதய ஆபரேஷனுக்காக மகள் வீட்டுக்கு வந்தவர். மகள் எங்கள் மாடியிலேயே எதிர் வீடு. அவளும் அவள் கணவரும் காலையில் வேலைக்குப் போய்விட்டால், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டால், இவர் வெள்ளை சல்வாரும் கறுப்பு வெயிஸ்ட்கோட்டுமாகக் கீழே இறங்கி வந்து நீச்சல் குளத்தோரம் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் உட்காருவார். பக்கத்தில் இரண்டு காலி நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொள்வார். ஊரில் காலை நேரத்தில் ஜனங்கள் குறை சொல்ல வருவார்களாம், அந்தப் பழக்கம். இங்கே தபால்காரரும் குளம் சுத்தம் பண்ண வரும் மெக்ஸிகோக்காரரும்தான் வந்தார்கள். அவர்களுக்கும் எழுந்து நின்று கை கொடுத்து, தாய் தகப்பன் சுகமா என்று கேட்பார். பதில் வரும்வரை கையை விட மாட்டார்.

முதல் நாள் என் தலையில் முக்காட்டைப் பார்த்ததும் உருதுவில் கொட்டித் தீர்த்தார். நான் விழித்தேன். எங்களுக்குத் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர். பரம்பரை பரம்பரையாகத் தமிழைத் தவிர வேறொன்றும் எங்கள் வீட்டில் பேசியதில்லை. உருது தெரியாது அங்கிள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

“முஸ்லிம்தானே நீ?”

“ஆமா.”

“உருது தெரியாம எப்படித் தொழுவே?”

“நீங்க தொழுற அதே அரபிலதான் அங்கிள்.”

ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். அதிலிருந்து எங்களுக்குள் ஆங்கிலம்தான். அவருடையது கோர்ட் கச்சேரி ஆங்கிலம், என்னுடையது கல்லூரி ஆங்கிலம். அவர் பேசியதை இங்கே என் தமிழில் சொல்கிறேன், வேறு வழியில்லை. ஊரில் உம்மாவிடம் போனில் பேசும்போது “எதிர் வீட்டு அங்கிள்” என்று மட்டும் சொல்வேன். பாகிஸ்தான் என்ற வார்த்தையைச் சொன்னால் உம்மாவுக்கு அன்று இரவு தூக்கம் போய்விடும். போலீஸ் வீட்டுக்கு வந்து விசாரிக்கும் என்பாள். அவள் பயத்தையும் குறை சொல்ல முடியாது.

ஒரு திங்கள்கிழமை கதவைத் தட்டினார். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகையில் ஒரு சேதி கேள்விப்பட்டாராம். ஃப்ரீமான்டில் கேஸ் ஸ்டேஷன், நம் ஊர் பெட்ரோல் பங்க், வைத்திருக்கும் ஒருவரின் தாயார் ஊரில் இறந்துவிட்டாராம். துக்கம் கேட்கப் போக வேண்டும். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. வாழ்நாள் முழுக்க டிரைவர் வைத்திருந்தவர்.

“உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?” என்றேன்.

“போனா தெரிஞ்சுடும்.”

என் மகளைத் தூக்கிப் பின்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினேன். ஃப்ரீவேயில் எனக்கு அப்போதுதான் கை நடுக்கம் நின்றிருந்தது. லாரி ஒன்று பக்கத்தில் வந்தால் சாகப்போகிறவள் போலக் கலிமாவே சொல்வேன். அவரோ காலை நீட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் மலையைப் பார்த்துக்கொண்டு, தன் தொகுதியில் சுற்றுப் போகிறவர் போல வந்தார்.

கேஸ் ஸ்டேஷன்காரர் கல்லாவில் நின்றிருந்தார். தாய் இறந்து நான்கு நாள். டிக்கெட் கிடைத்துப் போவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டதாம், போகவில்லை. மூன்றாம் நாளே வேலைக்கு வந்துவிட்டார். இவர் நேராகக் கல்லாவுக்குப் போனார். சலாம் சொன்னார். சிப்ஸ் பாக்கெட்டுகளுக்கும் சிகரெட் அலமாரிக்கும் நடுவில் நின்று இரண்டு கைகளையும் ஏந்தினார். வரிசையில் பால் டப்பாவோடு நின்ற அமெரிக்கப் பெண் ஒருத்தி தன்னை அறியாமல் டப்பாவைக் கீழே வைத்துவிட்டாள். துஆ ஓதி முடிந்தது. இவர் கையை முகத்தில் தடவிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்த மனிதர் வேலைக்காரரைக் கல்லாவில் நிறுத்திவிட்டு இவரைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். காலிப் பால் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு இருவரும் உட்கார்ந்ததை நான் காரிலிருந்தே பார்த்தேன். அந்த ஆள் பேசினார், பேசினார், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பேசினார். என் மகள் பிஸ்கட் பாக்கெட்டை முடித்துத் தூங்கியும் போய்விட்டாள். எனக்கு அடுப்பில் வைக்காத சாம்பார் நினைவுக்கு வந்து எரிச்சலாக இருந்தது.

திரும்பும்போது கேட்டேன். “அப்படி என்ன அங்கிள் கேட்டீங்க?”

“எப்படி ஆச்சுன்னு கேட்டேன்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். அதுக்கப்புறம் நான் வாயைத் திறக்கவே கூடாது. அவங்க முடிக்கிறதுக்கு முன்னாடி எந்திரிக்கவும் கூடாது. என் அரசியல் மொத்தமும் இதுதான்.”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. அந்த வருடம் முழுக்க ஹேவார்டு, ஃப்ரீமான்ட், சான் ஓசே என்று துக்க வீடுகளுக்கு அவரை ஏற்றிக்கொண்டு அலைந்தபோது அவருடைய அரசியலைத் தவணை தவணையாகக் கேட்டேன். முல்தான் பக்கம் பருத்தி விளையும் ஊர்கள் அவருடைய தொகுதி. இரண்டு தடவை ஜெயித்தவர், ஒரு தடவை தோற்றவர். சபையில் ஒரே ஒரு முறைதான் பேசியிருக்கிறார், ஒரு கால்வாய்ப் பாலத்துக்காக. பேசிக்கொண்டிருக்கும்போதே மைக் நின்றுவிட்டது. பாலம் இன்னும் தூணாகத்தான் நிற்கிறது என்று சொல்லிச் சிரித்தார். டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிக் கொடுப்பதும், போலீஸ் பிடித்த பையனை வெளியே எடுப்பதும், டீச்சருக்கு டிரான்ஸ்ஃபர் வாங்குவதும் எல்லா எம்.பி.யும் செய்வதுதானாம். ஆனால் துக்கத்துக்குப் போவதில்தான் ஓட்டு இருக்கிறது. இவரை எதிர்த்து நின்றவர் ஜீப்பில் வந்து, பாயின் ஓரத்தில் நின்றபடியே கை ஏந்திவிட்டு, ஐந்து நிமிடத்தில் அடுத்த ஊருக்குப் போய்விடுவாராம். இவர் உட்காருவார். செருப்பைக் கழற்றி, பாயில் சம்மணம் போட்டு, அந்த வீட்டுக்காரன் முதல் இருமலிலிருந்து கடைசி மூச்சு வரை சொல்லி முடிக்கும்வரை உட்காருவார்.

“ஓட்டுக்காகத்தானே உட்கார்ந்தீங்க?” என்று கேட்டுவிட்டேன். எனக்கு வாய் அப்படி.

“முதல்ல ஓட்டுக்காகத்தான்,” என்றார். கோபம் வரவில்லை. “அப்புறம் அது பழகிப்போச்சு. இங்க யாருக்கும் ஓட்டு இல்லையே, அப்புறம் எதுக்கு உன்னை இழுத்துட்டு அலையறேன்?”

துக்க வீடுகளில் ஆண்கள் ஓர் அறையில் இருப்பார்கள், என்னைப் பெண்கள் இருக்கும் அறைக்கு அனுப்புவார்கள். எனக்குப் பாஷை தெரியாது. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆனாலும் வாசல் வழியாக அவர் குரலில் அந்த ஒரு கேள்வி கேட்கும். அத்தனை தடவை கேட்டதில் உருதுவில் எனக்கு முழுசாகத் தெரிந்த வாக்கியம் அது ஒன்றுதான். என் வீட்டுக்காரர் என்னைக் கேலி செய்வார். “என்ன, எம்.பி.க்கு இன்னிக்கு டூர் ப்ரோக்ராம் எங்க? ஆயில் சேஞ்ச் அவர் பண்ணித் தருவாரா?” சொல்லிவிட்டு அவரே சனிக்கிழமை காரைக் கொண்டுபோய் ஆயில் மாற்றிக்கொண்டு வருவார். எனக்கோ அந்த ஊருக்கு வந்த பிறகு முதல் முறையாக ஒரு வேலை கிடைத்தது போல இருந்தது. அங்கிளை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. என் வாப்பா கப்பலில் வேலை பார்த்தவர், அவரோடு நான் மொத்தமாக இத்தனை மணி நேரம் பேசியதில்லை.

அவர் மகளுக்கு மட்டும் இந்த ஓட்டம் பிடிக்கவில்லை. என்மீது கோபம் இல்லை. பெட்ரோல் போடப் பணம் கூட நீட்டினாள், நான்தான் வாங்கவில்லை. ஆனால் அவர் எந்த வீட்டுக்குப் போய் வந்தார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் சொல்ல ஆரம்பித்தால் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். அவருடைய மாத்திரையை மணிக்கணக்குத் தவறாமல் எடுத்து வைப்பாள், உப்பில்லாமல் தனியாகச் சமைப்பாள். பேச்சில் மட்டும் டாக்டர் வீட்டு நர்ஸ் மாதிரி இருப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே லாண்டரி ரூமில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம்.

“உனக்கு அப்பாஜியை ரொம்பப் பிடிக்கும் இல்ல?” என்றாள்.

“ஆமா.”

“எல்லாருக்கும் பிடிக்கும்.” டிரையரிலிருந்து துணிகளை எடுத்து மேஜையில் கொட்டினாள். “எங்கம்மா எப்படிப் போனாங்கன்னு உன்கிட்ட சொல்லியிருக்காரா?”

சொல்லியிருந்தார். சான் ஓசே போகும் வழியில். மஞ்சள் காமாலை, முல்தான் ஆஸ்பத்திரி, கலிமா சொல்லிக்கொண்டே அமைதியாகப் போனாள் என்றார்.

“அவர் அங்க இல்லவே இல்லை,” என்றாள். “ஆத்துக்கு அந்தப் பக்கம் எவனோ ஒருத்தன் வீட்டுல துக்கம் கேட்டுட்டு இருந்தார். ஆஸ்பத்திரியில நான் மட்டும்தான். பதினேழு வயசு எனக்கு. சாயங்காலம்தான் வந்தார். அப்புறம் நாப்பது நாள் வாசல்ல பாய் விரிச்சு ஜனம். மந்திரியெல்லாம் வந்தாங்க. வந்தவன் எல்லாம் அவர்கிட்ட எப்படி ஆச்சுன்னு கேட்டான், அவரும் சொன்னார். உள்ள ஜன்னல் பக்கத்துல உட்கார்ந்து நான் கேட்டுட்டு இருந்தேன். தினமும் அதையே சொன்னார். அமைதியாப் போனாளாம். எங்கம்மா அமைதியாப் போகலை. எனக்குத்தான் தெரியும். என்கிட்ட யாரும் கேட்கலை. அவரும் கேட்கலை, இன்னிக்கு வரைக்கும்.”

பிள்ளைகளின் சாக்ஸுகளை ஜோடி சேர்த்துச் சுருட்டிக்கொண்டே இதைச் சொன்னாள். அழவில்லை. எனக்கு அவர்மீது அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. ஊரான் வீட்டுச் சாவுக்கெல்லாம் உட்காரத் தெரிந்த மனுஷனுக்குச் சொந்த மகள் பக்கத்தில் உட்காரத் தெரியவில்லையே என்று இருந்தது. அந்த வாரம் அவர் கதவைத் தட்டியபோது கார் ரிப்பேர் என்று பொய் சொன்னேன். அடுத்த வாரம் மனசு கேட்காமல் மறுபடி ஏற்றிக்கொண்டு போனேன்.

அப்போதுதான் அவர்கள் நாட்டில் தேர்தல் அறிவித்தார்கள். எதிர் வீட்டுப் போன் நேரம் காலம் இல்லாமல் அடிக்க ஆரம்பித்தது. கட்சிக்காரர்கள், சொந்தக்காரர்கள், டீக்கடைக்காரர்கள் கூட. இவர் ஒரே வாரத்தில் பத்து வயது குறைந்துவிட்டார். வெயிஸ்ட்கோட்டை இஸ்திரி போட்டார். இந்தத் தடவை பாலத்தை முடித்தே தீருவேன் என்று குளம் சுத்தம் பண்ணுகிறவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் ஒரே பிடிவாதமாக நின்றாள். இந்த இதயத்தை வைத்துக்கொண்டு வெயிலில் ஊர் ஊராகப் போனால் பிணமாகத்தான் வருவார் என்றாள். டாக்டரும் கிட்டத்தட்ட அதையே சொன்னார். எங்கள் அபார்ட்மெண்டின் சுவர்கள் அட்டை கனம்தான். அவள் குரல் உயர்வதும், அவர் தணிந்து தணிந்து பதில் சொல்வதும் எங்களுக்கு அப்படியே கேட்கும். பாஷை புரியாவிட்டாலும் சண்டை புரிந்தது.

அவர் தெரிந்த மளிகைக் கடைக்காரர் ஒருவர் மூலமாக விமான டிக்கெட் போட்டுவிட்டார். ஊர் போய்ச் சேர்ந்த மறுநாள் மனு தாக்கலுக்குக் கடைசி நாள். இவர் நேரில் வராவிட்டால் வேறொருவரை நிறுத்தக் கட்சி தயாராக வைத்திருந்தது. அந்த விமானத்தை விட்டால் தேர்தல் இல்லை, அந்த வயதில் இன்னொரு தேர்தலும் இல்லை. ஏர்போர்ட்டுக்கு நான் வரமாட்டேன் என்று மகள் சொல்லிவிட்டாள். மருமகன் வேலையாக டெக்சாஸ் போயிருந்தார். மிச்சம் இருந்த டிரைவர் நான்தான்.

“கொண்டுபோய் ட்ராப் பண்ணு, அவ்வளவுதான்,” என்று வீட்டுக்காரர் காலையிலேயே எச்சரித்தார். “அவங்க ஃபேமிலி மேட்டர்ல மூக்கை நுழைக்காத. ப்ளீஸ்.”

சரி என்றேன். நிஜமாகவே சரி என்றுதான் நினைத்திருந்தேன்.

அவர் மகள் அன்று லீவு போட்டுவிட்டு வீட்டில்தான் இருந்தாள். மருந்துப் பையை அவர் கையில் கொடுத்தாள், எந்த மாத்திரை எப்போது என்று சொன்னாள், கதவைச் சாத்திக்கொண்டாள். இவர் சிறிது நேரம் சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெட்டியை நான் கீழே கொண்டுபோய்க் காரில் வைத்தேன். என் மகளைப் பின்சீட்டில் கட்டிவிட்டுக் காரைக் கிளப்பினேன்.

“பயப்படுறா, பாவம்,” என்றார். “என் ஹார்ட்டை நினைச்சு. ஜெயிச்சுட்டு ஒரு போன் போட்டா சரியாயிடுவா.”

இரண்டு தெரு தாண்டி ஃப்ரீவேயில் ஏறும் சிக்னலில் சிவப்பு விழுந்தது.

“சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்,” என்றார். “மனசுல இருக்கறதை வெளிய சொல்ல மாட்டா.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“நீங்க கேட்டிருக்கீங்களா அங்கிள்?” என்றேன். “கேஸ் ஸ்டேஷன்ல கேட்டீங்க. ஹேவார்டுல மீன் கடைக்காரர்கிட்ட கேட்டீங்க. முன்னப்பின்ன தெரியாத ஜனத்துகிட்ட எல்லாம் எப்படி ஆச்சுன்னு கேட்டீங்களே, உங்க வீட்டம்மா போனப்ப பக்கத்துல இருந்தது உங்க மகதானே? அவகிட்ட கேட்டீங்களா? உங்க ஹார்ட்டுக்காக மட்டும் அவ கோவிச்சுக்கிட்டு உட்காரலை.”

பச்சை விழுந்தது. பின்னால் ஒருவன் ஹார்ன் அடித்தான். நான் நகரவில்லை. அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் இல்லை. ஏதோ கணக்குப் போட்டுப் பார்க்கிற மாதிரி உதடு மட்டும் அசைந்தது. இன்னொரு ஹார்ன் கேட்டது.

“வண்டியைத் திருப்பு மகளே,” என்றார்.

“டயம் இருக்காது அங்கிள்.”

“தெரியும்.”

திருப்பினேன். படிகளில் ஒவ்வொன்றாக நின்று மூச்சு வாங்கித்தான் ஏறினார். நான் என் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். அவர் பையில் சாவி இருந்தது. ஆனால் திறக்கவில்லை, பெல் அடித்தார். அவர் மகள் கதவைத் திறந்தாள். அழுத முகம். எதையோ மறந்துவிட்டு வந்திருக்கிறார் என்று நினைத்து அவசரமாக ஏதோ கேட்டாள். அவர் சலாம் சொன்னார். செருப்பை வாசலில் கழற்றி வைத்தார். எப்போதும் உட்காரும் சாய்வு நாற்காலிக்குப் போகாமல், வருகிற விருந்தாளிகள் உட்காரும் சோஃபாவின் நுனியில் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் ஏந்தினார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்வேன், குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் ஓதி முடித்துக் கையை முகத்தில் தடவிக்கொண்டு மகளை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கேள்வியைக் கேட்டார். எனக்குத் தெரிந்த ஒரே உருது வாக்கியம்.

அவள் முதலில் எரிச்சலாக இரண்டு வார்த்தை சொன்னாள். கையை வாசல் பக்கம் காட்டினாள், விமானத்தைச் சொல்லியிருப்பாள். அவர் அசையவில்லை. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அப்படியே கார்ப்பெட்டில் அவர் காலுக்கு எதிரே உட்கார்ந்தாள். ஆபீஸில் ரிப்போர்ட் சொல்வது போல வேக வேகமாகத்தான் ஆரம்பித்தாள். போகப் போக வேகம் குறைந்தது. நடுவில் எனக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல், தண்ணீர். அதைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். அம்மா கேட்டிருப்பாள். கொடுக்கக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருப்பார்கள். பதினேழு வயதுப் பெண் என்ன செய்தாளோ. அவர் தலையைக் குனியவில்லை, கண்ணைத் துடைக்கவில்லை, குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. மகள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் கீழே போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலுக்கு உள்ளே வைத்தேன். என் மகள் என் துப்பட்டாவை இழுத்தாள். “மம்மி, ஆர் வி லேட்?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

போன் அடித்தது. ஒரு மாதமாக அந்தப் போன் முதல் மணி அடித்து முடிப்பதற்குள் ஓடிப்போய் எடுத்தவர் அவர். இப்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. நான் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தேன். உலை வைத்தேன், மகளுக்குச் சோறு ஊட்டினேன், சமையலறைக் கடிகாரத்தில் விமானம் கிளம்பும் நேரம் வந்து போனது. அட்டைச் சுவர்களைத் தாண்டி அவள் குரல் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.